கலாதேவி கேமரா மாற்றுகிறார்

எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் கலாதேவி முதலில் அண்ணாந்துதான் பார்ப்பார். வீட்டுக்காரர்கள் "வாங்க, உக்காருங்க" என்று சொல்லி முடிப்பதற்குள், கூடத்தில் எது நீல விளக்கு, எது மஞ்சள், எந்தக் குழல்விளக்கு கண் சிமிட்டுகிறது என்று கணக்கெடுத்துவிடுவார். பிறகுதான் மனிதர்கள் பக்கம் திரும்புவார். "கோச்சுக்காதீங்க கா, இந்த லைட்ட அடைச்சிட்டு அந்த சன்னல தொறந்துக்கவா?" கேட்கும்போதே கை சுவிட்சுக்குப் போயிருக்கும். விசேஷ வீட்டில் வந்ததும் வராததுமாக விளக்கை அணைக்கிற பெண்ணை யாருக்குப் பிடிக்கும்? ஒரு குருக்கள் முறைத்தேவிட்டார். "இந்த லைட்டு சாமிக்கு கேடு இல்ல ஐயா, மூஞ்சிக்குத்தான் கேடு" என்று சொல்லி அவரையும் சிரிக்க வைத்துவிட்டார் கலாதேவி.

மலேசியாவின் ஈப்போவில் புந்தோங் பக்கம் வீடு. வார நாட்களில் பள்ளி வேன் ஓட்டுகிறார். சனி, ஞாயிறுகளில் படம் எடுக்கிறார். கல்யாணங்களை எடுப்பதற்குப் பெரிய ஸ்டூடியோக்காரர்கள் இருக்கிறார்கள். இவரைக் கூப்பிடுவது வீட்டு விசேஷங்களுக்கு. வளைகாப்பு, காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, குழந்தைக்கு முப்பதாம் நாள். பெண்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சின்ன அறைகளில், குள்ளமான இந்த அம்மாள் புடவைத் தலைப்புகளுக்கு நடுவே புகுந்து வேறொரு மூலையில் வெளியே வருவார். "சிரிங்க" என்று யாரிடமும் சொல்ல மாட்டார். "இன்னிக்கு யாரு சமையல்? உப்பு சரியா இருக்கா?" என்று பொதுவாக ஒரு கேள்வியை எறிவார். உடனே ஒரு பக்கம் சிரிப்பு கிளம்பும், அல்லது சண்டை. அவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

கையில் இருந்தது உள்ளங்கைக்குள் அடங்குகிற மிரர்லெஸ் கேமரா. பிடியில் ரப்பர் உரிந்துபோன இடத்தில் சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டியிருந்தார். "பாக்கறதுக்கு வெளாட்டு சாமான் மாதிரி இருக்கும். அதுதான் அதுக்கு பலமே. யாரும் பயப்பட மாட்டாங்க லா" என்பார்.

ஆனால் அந்த விளையாட்டுச் சாமானுக்கு இருட்டு ஆகாது. பழைய வீடுகளின் உள் அறைகளில், மழை கட்டிய மாலைகளில், படம் முழுக்க மணல் தூவியதுபோல் புள்ளி புள்ளியாக வரும். அதிலும் ஒரு ஓரவஞ்சனை உண்டு என்று கலாதேவி சொல்வார். "வெளிச்சம் கொறைஞ்சா நம்ம ஆளுங்க நெறம்தான் கா மொத அடி வாங்கும். கன்னம் ஒரு எடத்துல செவப்பு, ஒரு எடத்துல பச்சை. செவத்துல ஈரம் ஊறுன மாதிரி."

ஸ்டூடியோ வைத்திருக்கும் பவித்ரன் இதற்குச் சுலபமான வழி சொன்னார். அவர் நல்ல மனிதர், அவசரத்துக்கு மெமரி கார்டு கேட்டால் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து கொடுப்பவர். "ஃபிளாஷ் அடிச்சி, கம்ப்யூட்டர்ல கொஞ்சம் வெள்ளையாக்கி குடுத்திடுங்க கா. எல்லாரும் அதத்தானே கேக்கறாங்க."

"அவங்க பொண்ண நான் எதுக்குப்பா வேற பொண்ணா ஆக்கணும்?" என்றார் கலாதேவி.

ஆகவே ஃபுல் ஃப்ரேம் கேமரா வாங்குவது என்று முடிவானது. ஃபுல் ஃப்ரேம் என்றால் என்ன என்று, விசேஷங்களுக்கு அவரோடு துணைக்குப் போகும் நான் கேட்டதற்கு, வேனை ஓரமாக நிறுத்திவிட்டு விளக்கினார். "கித்தா மரத்துல ரப்பர் பால் புடிக்க கட்டுவாங்கல்ல சின்ன மங்கு, தெரியுமா? மழையில மங்க வெச்சாலும் வாளிய வெச்சாலும் மழ ஒன்னுதான். வாளியில நெறயா சேரும். கேமராவுக்குள்ள வெளிச்சம் புடிக்கிற சில்லும் அப்படித்தான் கா. என்னோடது மங்கு. ஃபுல் ஃப்ரேம் வாளி."

"அப்ப வாளிய வாங்கிட வேண்டியதுதானே?"

"வாளிய தூக்கணும்ல" என்று வலது மணிக்கட்டைக் காட்டினார். வேனின் இழுகதவில் சிக்கி உடைந்த கை அது. உள்ளே தகடு வைத்திருக்கிறார்கள். தையல் தடம் ஒரு பூரான்போல மேலேறிப் போயிருந்தது.

பழைய நகரத்தில் ஷரபுதீனின் கேமரா கடைக்குச் சனிக்கிழமைதோறும் போக ஆரம்பித்தார். கூட நானும் போனேன். மற்றவர்கள் புது கேமராவைக் கையில் வாங்கினால் வாசலுக்குப் போய்த் தெருவை எடுப்பார்கள். கலாதேவி கடையின் மிக இருண்ட இடத்தைத் தேடிப் போவார். கிடங்குக் கதவோரம் ஷரபுதீனை நிறுத்தி, அவருடைய கறுப்பு சொங்கோக் தொப்பியைப் படம் எடுப்பார். தொப்பியின் கறுப்பும் அதற்குப் பின்னால் இருக்கும் இருட்டின் கறுப்பும் தனித்தனியாகத் தெரிகிறதா என்று திரையைப் பெரிதாக்கிப் பார்ப்பார். ஷரபுதீன் அசையாமல் நின்றபடியே என்னிடம் சொன்னார். "யாவாரம் பண்ண வந்தவன் கா நான். இந்தத் தங்கச்சி என்னைய மாடல் ஆக்கிடுச்சு."

கடைசியில் இரண்டு கேமராக்கள் மிஞ்சின. ஒன்று பெரியது. ஆழமான பிடி, தூரத்தையும் கிட்டத்தையும் ஒரே லென்ஸில் இழுத்துக்காட்டும் ஜூம், ஒன்று கெட்டால் இன்னொன்று காப்பாற்ற இரண்டு மெமரி கார்டு. மற்றது அதே ஃபுல் ஃப்ரேம்தான், ஆனால் சிறிய உடம்பு. ஜூம் இல்லாத குட்டை லென்ஸ். கார்டும் ஒன்றே ஒன்று. "கார்டு கெட்டுச்சுன்னா படம் போச்சு. விக்கிறவன் அத மறைக்கக் கூடாது" என்று ஷரபுதீன் வெளிப்படையாகச் சொன்னார்.

பவித்ரன் போனிலேயே பெரியதற்கு ஓட்டுப் போட்டார். தஞ்சோங் மாலிமில் கார் தொழிற்சாலையில் வேலை செய்யும் கணவர் கோகிலன் ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு வந்தவர், நேரே கடைக்கு வந்து பெரியதைத் தூக்கிப் பார்த்தார். "நல்லா வளந்த கோழி கனம் இருக்கு. இருந்தா என்ன, ஒரு தடவதான் வாங்கறோம், பெருசாவே வாங்கிடு. நான் தூக்கிட்டு வாரேன்."

"நீங்க தஞ்சோங் மாலிம்ல இருந்துகிட்டு இங்க எப்படி தூக்குவீங்க?"

கோகிலன் கேமராவை மெதுவாக மேசையில் வைத்தார். ஷரபுதீன் குறுக்கே வந்தார். "மேசையில வெச்சிகிட்டே இருந்தா கேமரா பேசாது தங்கச்சி. நாளைக்கி விசேஷம் இருக்குன்னீல்ல? பெருச எடுத்துகிட்டு போ. கடைக்கு காட்ட வெச்சிருக்கறதுதானே. போட்டு பாத்துட்டு கொண்டா."

மறுநாள் விசேஷம் கோப்பெங் பக்கம் ஒரு பழைய தோட்டத்தில். ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை போட்டுப் பல காலம் ஆகிறது. தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் கொஞ்சம் மிச்சம். அதில் ஒன்றில், தினேஸ்வரி என்ற பெண்ணுக்கு வளைகாப்பு. முறைப்படி அது தாய்வீட்டார் செய்ய வேண்டியது. தினேஸ்வரி அம்மாவுக்குப் பிடிக்காத இடத்தில் பதிவுத் திருமணம் செய்துகொண்டவள். கல்யாணத்திலிருந்து அம்மா மகளோடு பேசவில்லை. அதனால் மாமியார் நல்லம்மாளே முன்னின்று செய்தார். கூடத்தில் எல்லோரும் கலகலப்பாக இருந்தார்கள். தினேஸ்வரியும் சிரித்தாள். ஆனால் வாசலில் கார் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் தலை அந்தப் பக்கம் திரும்பிவிட்டு வந்தது.

பெரிய கேமரா முதலில் மாயம் செய்தது. ஒரு படம் எடுத்ததுமே கலாதேவி ஓடிவந்து எனக்குத் திரையைக் காட்டினார். "இங்க பாருங்க கா. அவ நெறம் அவ நெறமாவே இருக்கு. மஞ்சள் மஞ்சளா இருக்கு." குரலில் அப்படி ஒரு குழந்தைத்தனம். ஆனால் கொஞ்ச நேரத்தில் வேறொன்றும் நடந்தது. அந்தப் பெரிய லென்ஸ் திரும்பிய பக்கமெல்லாம் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுத் தலைப்பைச் சரிசெய்தார்கள். "டிவியில போடுவாங்களா?" என்று ஒரு பெண் கேட்டாள். உப்புக் கேள்விக்குக்கூட யாரும் சண்டை போடவில்லை. கலாதேவியின் மணிக்கட்டு நடுங்க ஆரம்பித்திருந்தது. இடது கையால் அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டே எடுத்தார்.

அப்போது நல்லம்மாள் வந்து அவர் காதில் ஏதோ சொன்னார். நாங்கள் அடுப்படிக்குப் போனோம். பின்வாசலில் ஒரு அம்மாள் நின்றிருந்தார். சித்தியவானிலிருந்து பஸ் மாறி மாறி வந்த களைப்பு முகத்தில் இருந்தது. கையில் ஒரு பிளாஸ்டிக் பை. தினேஸ்வரியின் அம்மா நவமணி. நல்லம்மாள்தான் யாருக்கும் சொல்லாமல் போன் செய்து வரவழைத்திருக்கிறார். முன்வாசல் வழியாக வர நவமணிக்கு மனம் ஒப்பவில்லை.

கலாதேவியின் கையில் இருந்ததைப் பார்த்ததும் நவமணி முகத்தைக் கையால் மறைத்துக்கொண்டார். "அந்தப் பெருசெல்லாம் வேணாம்மா. இதுக்கா வந்தேன்?"

கலாதேவி கேமராவை என் கைகளில் கொடுத்துவிட்டுச் சுவரோரம் ஒதுங்கி நின்றார்.

தினேஸ்வரி வந்தாள். நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். கன்னத்தில் சந்தனம் காய்ந்திருந்தது. நவமணி பையிலிருந்து கண்ணாடி வளையல்களை எடுத்து, மகளின் கையைப் பற்றி, ஒன்றை ஏற்றப் பார்த்தார். ஏறவில்லை. கை வீங்கியிருந்தது. இன்னொரு முறை பார்த்தார். பிறகு வளையலை வைத்துவிட்டு, அடுப்பு மேடையில் இருந்த தேங்காய் எண்ணெய்ப் போத்தலை எடுத்து, மகளின் கையில் ஊற்றித் தேய்க்க ஆரம்பித்தார். விரல் விரலாக, முட்டி முட்டியாக, அவசரமே இல்லாமல்.

"கை இப்படி வீங்கியிருக்கு. உப்ப கொறைச்சி சாப்புடு" என்றார். மகளிடம் இத்தனை நாள் கழித்துச் சொன்ன முதல் வார்த்தை அது. தினேஸ்வரி உதட்டைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

கலாதேவி தோள்பையிலிருந்து பழைய சின்ன கேமராவை எடுத்திருந்தார். உடனே எடுத்துவிடவில்லை. நெஞ்சு வரை தூக்கி, நவமணியைப் பார்த்தார். நவமணியும் பார்த்தார். மறுக்கவில்லை. மகளின் கைப்பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகுதான் கலாதேவி கேமராவைக் கண்ணில் வைத்தார்.

அன்று சாயங்காலமே நவமணி மகளைப் பிரசவத்துக்குத் தன்னோடு சித்தியவானுக்கு அழைத்துப் போனார். நல்லம்மாள் வாடகைக் காருக்குள் சாப்பாட்டுத் தூக்கை வைத்துவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். திரும்பும் வழியில் கலாதேவி வேனை நிறுத்தி அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். கரி படிந்த அடுப்படி, ஒற்றைக் குண்டுவிளக்கு. அம்மாவின் கன்னமெல்லாம் மணல்.

"வாளிய கூடத்துல வெச்சிட்டேன் கா. மழ அடுப்படியில பெஞ்சிச்சு."

கொஞ்ச நாளில் சித்தியவானிலிருந்து போன் வந்தது. அந்தப் படம் கூடத்துச் சுவரில் மாட்ட வேண்டுமாம், பெரிதாக வேண்டுமாம். கலாதேவி கம்ப்யூட்டரில் புள்ளிகளைத் துடைத்துப் பார்த்தார். முகங்கள் மெழுகாகிவிட்டன. அழித்துவிட்டு, மணலோடேயே அச்சுப் போட்டு அனுப்பினார். நவமணி கூப்பிட்டுச் சொன்னது இதுதான்: "நல்லாருக்கும்மா. நாங்க ரெண்டு பேரும் இருக்கோம்ல."

"அவங்களுக்கு போதும்" என்றார் கலாதேவி என்னிடம். "எனக்கு போதல கா. அந்த எண்ணெய் மினுமினுப்பு இருந்துச்சே, அது வரல."

பெரிய கேமராவை ஷரபுதீனிடம் திருப்பிக் கொடுத்த அன்று கலாதேவி இருண்ட மூலைக்குப் போகவில்லை. நேரே கண்ணாடிப் பெட்டியைக் காட்டி, "பாய், அந்த சின்னத எடுங்க" என்றார். பவித்ரனுக்குச் செய்தி போய், போன் அடித்தது.

"ஜூம் இல்லாம என்னா பண்ணுவீங்க கா?"

"நடப்பேன்."

"ஒரே கார்டு!"

"பழசும் பையில வரும்பா. ஒன்னு படுத்துக்கிச்சுன்னா இன்னொன்னு எந்திரிக்கும்."

"சுசா லா நீங்க" என்று பவித்ரன் சிரித்துக்கொண்டே போனை வைத்தார். இந்த ஆளோடு பேசுவது கஷ்டம் என்று அர்த்தம். ஷரபுதீன் பெட்டியைக் கட்டிக் கொடுப்பதற்கு முன், கேட்காமலேயே கிடங்குக் கதவோரம் போய் நின்று தொப்பியைச் சரிசெய்துகொண்டார். கலாதேவி அவரை அன்றைக்குத் தொப்பிக்காக எடுக்கவில்லை, முகத்துக்காக எடுத்தார். அந்தப் படம் இப்போது கடையின் உள்சுவரில் இருக்கிறது.

புதுசு வந்த உடனே எல்லாம் நேராகிவிடவில்லை. முதல் காதுகுத்தில், அழுகிற பிள்ளையின் மூக்கு மட்டும் துல்லியமாக வந்தது, கண்ணீர் கலங்கலாகப் போனது. பெரிய சில்லில் லென்ஸை முழுக்கத் திறந்துவிட்டால் கூர்மை ஒரு நூலளவுதான் நிற்கும் என்பது பிறகுதான் கைக்குப் பழகியது. படங்களின் பாரம் தாங்காமல் பழைய மடிக்கணினி மூச்சு வாங்கியது. மதியத்தில், பள்ளி விடுவதற்காகக் காத்திருக்கும் நேரத்தில், வேனுக்குள்ளேயே பயிற்சி செய்தார். ஸ்டீயரிங்கில் தொங்கும் வேப்பிலையை எடுப்பார். பின்சீட்டில் யாரோ மறந்துவிட்டுப் போன காலுறையை எடுப்பார். மணிக்கட்டு நடுங்கவில்லை. ஜூம் இல்லாததால் இரண்டடி முன்னால் போகத் தொடங்கினார். போன இடத்தில் ஆட்கள் விலகி இடம் விட்டார்கள். ஒரு மஞ்சள் நீராட்டில் இரண்டு பெரியம்மாக்கள் உப்பைப் பற்றி நிஜமாகவே சண்டை போட்டதாகச் சொல்லி மகிழ்ந்தார்.

போன மாதம் சித்தியவானில் தினேஸ்வரியின் குழந்தைக்கு முப்பதாம் நாள். பெண் குழந்தை. நல்லம்மாள் முதல் நாளே போய்விட்டார். நாங்கள் நுழைந்தபோது இரண்டு சம்பந்திகளும் தொட்டிலில் எந்தப் பக்கம் தலை வைப்பது என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். கூடத்துச் சுவரில் அந்த அடுப்படிப் படம். கலாதேவி அதைக் கண்டும் காணாததுபோல் கடந்து போனார்.

உள் அறையில் திரை போட்டிருந்தது. சாம்பிராணிப் புகை. வெளியே மழை வேறு. நவமணி குழந்தையைக் காலில் படுக்க வைத்துக் குளிப்பாட்டித் துடைத்தார், நெற்றியில் மைப்பொட்டு வைத்தார், தங்க அரைஞாண் கட்டினார். கலாதேவி அவருக்கு எதிரில், முழங்காலிட்டு, ஒரு கை தூரத்தில் இருந்தார். நவமணி முகத்தை மறைக்கவில்லை. பாதியில் நிமிர்ந்து, "இந்தப் புள்ளைக்கு எங்க அப்பா மூக்கும்மா, பாரு" என்று லென்ஸைப் பார்த்தே சொன்னார். முடிந்ததும் கலாதேவி கேமராவின் திரையை அவர்களிடம் காட்டினார். குழந்தையின் காது மடல், அதன் பூனை ரோமம், நவமணியின் கைவிரல்களில் ஈரத்தின் மினுமினுப்பு, அந்தக் கைகளின் அடர்ந்த கருநிறம், எல்லாம் தெளிவாக இருந்தன. நவமணி வெகுநேரம் பார்த்தார். "என் கைதானா இது?" என்றார்.

"ஒங்க கைதான்மா" என்றார் கலாதேவி.

தினேஸ்வரி குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, தன் பக்கத்துப் பாயைத் தட்டினாள். "நீங்களும் வந்து உக்காருங்க கா. ஒங்களோட ஒரு படமாவது வேணும்."

"என்னைய யாரும்மா எடுக்கறது?" என்று கலாதேவி என்னைப் பார்த்தார். நான் கையை நீட்டுவதற்குள் நவமணி எழுந்துவிட்டார். ஈரக் கைகளைப் புடவையில் அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"நான் எடுக்கறேன். எத அமுக்கணும்?"

பவித்ரன் ஒரு நிமிடம் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று கேட்டபோதுகூடக் கலாதேவி கொடுக்காத கேமரா அது. அவர் ஒரு கணம் நின்றார். பிறகு தன் கழுத்திலிருந்து வாரைக் கழற்றி, நவமணியின் கொண்டை கலையாதபடி இரண்டு கைகளாலும் அகட்டிப் பிடித்து, மெல்ல அவர் கழுத்தில் மாட்டிவிட்டார்.